இன்னும் பரிசீலனையில்

அங்கே மாலை ஐந்துக்கு அலுவலகம் பூட்டும்போது
கொட்பேயில் அதிகாலை இரண்டரை.
அதற்காகவே இரவு முறையைக் கேட்டு வாங்கினேன்.
மனேஜருக்குச் சொன்ன காரணம் வேறு:
பகல் வெயில் ஒத்துக்கொள்ளுதில்லை சேர்.
ஐஸ் தொழிற்சாலைக்குள் நின்று
வெயிலைக் குறைசொன்னவனை
அவர் ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். அவ்வளவுதான்.

ஆறு இடங்களுக்குப் போட்டேன்.
மூன்று,
"இந்த ஆண்டு விண்ணப்பங்கள் மிக அதிகம்" என்று தொடங்கின.
முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.
இருந்தும் அடி வரைக்கும் வாசிப்பேன்,
கையெழுத்து வைத்தவரின் பெயரைச்
சத்தமாய்ச் சொல்லிப் பார்ப்பேன்.
ஒன்று காத்திருப்போர் பட்டியல்.
ஒன்று வாயே திறக்கவில்லை.
ஒன்றுக்குக் கட்டணம் கட்டமுன்
ரொறன்ரோ மச்சானின் கார்ட் நிரம்பிவிட்டது,
அதையும் ஆறில் சேர்த்துத்தான் எண்ணுகிறேன்.

"உன்ர கதையை எழுது" என்றாள் யதுர்ஷினி,
"அவையள் அதைத்தான் தேடுவினம்."
கதை என்று அவள் சொன்னது அண்ணனை.
அண்ணனில் கிடைத்தது சைக்கிள் மட்டும்,
ஆஸ்பத்திரி மதிலோடு சாய்த்து
ஒழுங்காய்ப் பூட்டுப் போட்டபடி.

அறிக்கைக்கு எல்லை ஐந்நூறு சொல்.
ஒரு பந்தி எழுதினேன். நல்ல ஆங்கிலம்.
சைக்கிள் வந்த வரி அழகாயிருந்தது.
அந்த அழகுக்குப் பயந்து அழித்தேன்.
அந்த இடத்தில்
உப்புக்கரைசல் எந்தச் செறிவில்
எத்தனை பாகையில் உறையும் என்று எழுதினேன்.
பொய்யில்லை. எனக்கு அதில் மெய்யாகவே ஆசை.

கேனில் விட்ட தண்ணீர்
தகரச் சுவரிலிருந்து உள்நோக்கி இறுகும்.
காற்று, ஊத்தை, கரைந்த சில்லறை எல்லாம்
நடுவுக்கு ஒதுங்கி
கடைசியாய் வெள்ளையாய்க் கட்டிபடும்.
பதினெட்டு மணித்தியாலம்.
மூடியைத் தூக்கிப் பார்ப்பதால்
ஒரு கட்டியும் சுறுக்காய் உறையாது,
புதுப் பொடியன்களுக்கு நான்தான் இதைச் சொல்லிக்கொடுப்பேன்,
சட்டைப்பைப் போனை எடுத்துப் பார்த்தபடி.

அம்மா ஒன்றும் கேட்பதில்லை.
ஆசிரியர் நியமனப் படிவம்
மேசையில் கிடக்கிறது,
கடற்காற்றுக்குப் பறக்காமல்
உப்புப் போத்தல் வைத்திருக்கிறா.
விடிய வீடு திரும்புகையில்
பஸ் நிலையத்தடியில் இரண்டு மான்
யாருடையதோ பைல் மட்டையை
மென்றுகொண்டு நின்றன.
விரட்ட மனம் வரவில்லை.

இன்று ஏப்ரல் பதினைந்து. கடைசித் திகதி.
வருசம் பிறந்து மறுநாள்,
றோலர்கள் கட்டிய கயிற்றில் ஆடுகின்றன.
முனவ்வர் நானாவின் வள்ளம் மட்டும் வந்தது,
நாற்பது கட்டி.
கொக்கியால் இழுத்துச் சரிவில் விடுகிறேன்.
இருபத்தாறு. இருபத்தேழு.
தொடையில் போன் அதிர்ந்தது.

"போன் அடிக்கிது தம்பி."
"நாப்பது முடியட்டும் நானா."
அப்படிச் சொன்னது நான்தானா?
நான்கு மாதமாய் நிமிடத்துக்கொருமுறை பார்த்தவன்
பதின்மூன்று கட்டிகளை
அவசரமில்லாமல் எண்ணினேன்.
முப்பத்தொன்று உடைந்தது. மாற்றிக் கொடுத்தேன்.

வாய் திறக்காத அந்த இடம்.
"உங்கள் விண்ணப்ப நிலையில் மாற்றம் உண்டு.
உள்நுழைந்து பார்க்கவும்."
முடிவை மெயிலில் எழுதினால் என்னவாம்?

கடவுச்சொல், சைக்கிளின் இலக்கம்.
முதல் எழுத்தைத் தொட்டேன், ஏறவில்லை.
காற்சட்டையில் துடைத்துவிட்டுத் தொட்டேன்.
ஐஸ் பிடித்த விரலை
விரலென்று போன் ஒத்துக்கொள்ளவில்லை.

நானாவின் எஞ்சின் இருமிப் பிடித்தது.
வெளிச்சம் கொஞ்சம் தள்ளிப் போனது.
வலக்கையை அக்குளுக்குள் வைத்துக்கொண்டு
சூடு ஏறட்டும் என்று
நிற்கிறேன்.