வாய் திறக்காவிட்டால் பொது

த்ரியெஸ்தே நகராட்சி, இரண்டாம் மாடி.
எழுத்தர் கண்ணாடியைத் துடைத்தபடி கேட்டார்:
சொத்து பொதுவா, தனித்தனியா?
வாய் திறக்காவிட்டால் பொது என்றே பதிவாகும்.

தனித்தனி, என்றேன்.
கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்த நீவெஸ்
பாதியில் நிறுத்தினாள்.

முப்பத்தொரு வருடம்
ஒரே பாத்திரத்தில் காபி கொதித்தது.
யார் வாங்கியது என்று இருவருக்கும் ஞாபகமில்லை.
இன்று வந்து கோடு கிழிக்கிறேனா, என்றது
அந்தப் பாதிக் கையுறை.

அவள் பித்தப்பையை எடுத்த வருடம்
வார்டு வாசலில் ஒருத்தி கேட்டாள்: நீங்கள் யார்?
தோழி, என்றேன்.
தோழிகளுக்கு மாலை ஐந்திலிருந்து ஆறு.
ஆறு மணிக்குமேல் நான் யாராக இருந்தேன் என்று
இன்றுவரை தெரியாது.
அதற்காகத்தான் இந்த மாடிப்படி, இரண்டு சாட்சிகள்,
இஸ்திரி போட்ட சட்டை.

சொல்லிவிட்டேன், எல்லோர் முன்னாலும்:
பட்டறைமேல் கடன் இருக்கிறது.
இரண்டு தவணை தவறிவிட்டது.
பொது என்றால்
நாளை நீ சேர்த்து வாங்கும் தையல் இயந்திரத்திலும்
வங்கி கை வைக்கலாம்.

சாட்சிக்கு வந்த உல்தெரீக்கோ
ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்தான்.
நீவெஸ் கேட்டாள்:
இதைச் சொல்ல நகராட்சிவரை வரணுமா, ஒந்தீனா?

தனித்தனி, என்றாள் பிறகு எழுத்தரிடம்.
கையுறை கழன்றது.

அவர் சட்டத்தை வாசித்தார்,
ரயில் நேரம் வாசிப்பதுபோல:
ஒருவருக்கொருவர் துணை. ஒரே வீடு.
சம்பளமோ சமையலோ, அவரவரால் ஆனது.
விசுவாசம் என்ற சொல் வரும் என்று காத்திருந்தேன்.
வரவில்லை.
விட்டுவிட்டீர்களா, என்று கேட்டேன்.
உங்கள் சட்டத்தில் அது இல்லை, அம்மா.
திருமணத்தில்தான் உண்டு.
சொல்லும்போது அவருக்குக் காது சிவந்தது.

நீவெஸ் சிரித்துவிட்டாள்.
கேட்காமல் கொடுத்ததற்கு
ரசீது எங்கே வாங்குவது?

கீழே போரா காற்று.
தெருவில் ஒரு குடை எலும்புக்கூடாய் உருண்டது.
பத்திரத்தைக் கோட்டுக்குள் அழுத்திக்கொண்டு
மிச்சத்தையும் சொன்னேன்:
வியாழக்கிழமை நோட்டரி.
உயில் எழுதாவிட்டால், நான் போனபின்
மூன்றில் ஒரு பங்கு லீவியோவுக்குப் போகும்.
ஒன்பது வருடமாய்ப் போன் செய்யாத தம்பி,
பங்கென்றால் பாதை தெரியும் அவனுக்கு.

அவள் என் பையில் கைவிட்டுச்
சாவியைத் தேடினாள்.
வங்கிக் கடிதம் எங்கே?

கிரீஸ் டப்பாவுக்கு அடியில்.

முதலில் அதை எடுத்து வை மேசைமேல், என்றாள்.
காபி அப்புறம்.