வலது விளக்கு

ஞாயிறு காலை எட்டு மணிக்கே
மடிப்பாக்கத்து வெயில்
பானெட்டில் கை வைக்க விடவில்லை.

முகப்பு விளக்கு இரண்டும்
வடித்த கஞ்சியில் மஞ்சள்தூள் விழுந்த நிறம்.
புதுப்பேட்டையில் விசாரித்தேன்,
பழசே ஜோடி நாலாயிரத்து ஐந்நூறாம்.
வேளச்சேரி ஹார்டுவேர் கடையில்
வாட்டர் பேப்பர் எண்ணூறு, ஆயிரம், இரண்டாயிரம்,
ஒரு மாஸ்கிங் டேப், ஒரு டப்பி பாலிஷ்,
எல்லாம் சேர்த்து இருநூற்று எழுபது.
சில்லறை இல்லையென்று
மூன்று மிட்டாய் தந்தார்கள்.

பெயின்ட்டைக் காப்பாற்ற
விளிம்பெல்லாம் டேப் ஒட்டினேன்.
பம்பரின் வலது மூலையில் மட்டும்
காப்பாற்ற எதுவும் இல்லை.
புதன் இரவு, ரேடியல் ரோட்டில்
மீடியன் தின்றதுபோக மிச்சம் அது.
ஓட்டியவள் பிரமிளா.
"கண்ணு தெரியலையா உனக்கு?" என்று
கேட்டவன் நான்.
ஒரே வாக்கியம்தான்.
அதன்பின் வீட்டில்
சாப்பாடு மேஜைக்கு வருகிறது,
குரல் வருவதில்லை.

இடதில் தொடங்கினேன்.
எண்ணூறு, சோப்புத் தண்ணீர், குறுக்காக, விடாமல்.
முதலில் மஞ்சளாய் வழிந்தது,
பத்து வருட வெயில்
கரைந்து கரைந்து
தெருச் சாக்கடைக்குப் போயிற்று.
பிறகு பால் வெள்ளை.
துடைத்துப் பார்த்தால்
முன்னைவிட மோசம்,
குளியலறை ஜன்னல் கண்ணாடி மாதிரி
ஒரேயடியாய் மூடிக்கொண்டிருந்தது.

இஸ்திரி வண்டி ஏகாம்பரம்
கரியை விசிறிக்கொண்டே
"புரை ஆபரேசனா சார்?" என்றார்.
நாலு நாளில் முதல் சிரிப்பு.
பாதியில் மாடி ஜன்னலைப் பார்த்தேன்,
நிறுத்திக்கொண்டேன்.

ஆயிரம் நெடுக்காக.
இரண்டாயிரம் மறுபடி குறுக்காக.
தோள்பட்டை தனியாகப் பேச ஆரம்பித்தது.
பழைய பனியனில் பாலிஷ் தொட்டு
வட்டம் வட்டமாய்த் தேய்க்க
உள்ளே பல்ப் தெரிந்தது,
பல்புக்குப் பின்னால் வெள்ளிக் கிண்ணம்,
கிண்ணத்தில் தலைகீழாய் நான்,
எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி,
அதன்மேல் ஒரு காக்கை.

வலதுக்கு வந்தபோது
தாள் மூன்றும் கந்தல்.
ஞாயிறு மதியம், கடை மூடியாச்சு.

இரவு ஏழரைக்கு
எதிர்ச்சுவரில் விளக்கைப் போட்டேன்.
இடது விளக்கு
சுவரை எழுத்துக்கூட்டிப் படித்தது:
கிழிந்த போஸ்டர், விரிசல், விரிசலில் பல்லி,
இ.பி. பெட்டியின் துருப்பிடித்த பூட்டு.
வலது விளக்கு
அதே சுவரில்
மோரைக் கொட்டி வைத்தது.

அட்டையால் இடதை மறைத்துவிட்டு
ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன்.
அன்றைக்கு அவளிடம் இருந்தது
இந்த மோர்தான்.
அதன்மேல் தூறல்.
எதிரே ஹை பீமில் ஒரு தண்ணீர் லாரி.
பெயின்ட் உதிர்ந்த மீடியன்
எங்கே தொடங்குகிறது என்று தேடினேன்.
பூட்டைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை.

படியில் செருப்புச் சத்தம்.
"ஒண்ணு மட்டும் ஏன்?"
நாலு நாளில் மூன்று சொற்கள்.
"பேப்பர் தீந்துடுச்சு" என்றேன்.
இதைவிட மோசமாய் யாரும்
மன்னிப்புக் கேட்டிருக்க மாட்டார்கள்.

குனிந்து வலது விளக்கை
விரலால் தேய்த்துப் பார்த்தாள்.
"உள்ள பழுப்பா ஒரு கோடு இருக்கே?"
"மிக்ஜாம் தண்ணி. அது போகாது.
வெளிய இருக்கறதுதான் போகும்."
சொல்லி முடித்த பிறகுதான்
சொன்னது என் காதில் விழுந்தது.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
டேப்பின் நுனியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"பேஸ்ட் வெச்சுத் தேச்சா போவுமாமே,
கொண்டு வரவா?"
பேஸ்ட் நிற்காது.
பத்தே நாளில் பழைய மஞ்சள் திரும்பிவிடும்.
"கொண்டு வா" என்றேன்.

பாதிப் படி ஏறியிருப்பாள்.
"ஜெல் வேணாம், வெள்ளை பேஸ்ட்!" என்று
இருட்டைப் பார்த்துக் கத்தினேன்.

"தெரியும்" என்று
மேலேயிருந்து பதில் வந்தது.