இரண்டடித் தொட்டி

கொளத்தூரில் ஞாயிறு காலை.
ஆஸ்கார் வேண்டாம், முழம் வளரும்.
தங்கமீன் வேண்டாம்,
வாலிஸ்நேரியாவை வேரோடு பிடுங்கிவிடும்.
ஏஞ்சலுக்கு உயரம் போதாது.
"தண்ணி மெட்ரோவா, போரா?" என்கிறார் தேவசகாயம்.
போர் தண்ணி. கெட்டிலில் உப்பு பூக்கும்.
"அப்ப கப்பி. நியான் கேக்காதீங்க."

எத்தனை பேர், மீன் சமைப்பீர்களா,
விருந்தாளி வந்தால் தங்குவார்களா என்று
எங்களைக் கேட்ட வீட்டுக்காரரின் குரல்
எனக்கும் வந்துவிட்டது.

ஆறு கப்பி, எல்லாம் ஆண்.
இல்லையென்றால் ரெண்டு மாசத்தில் அறுபது.
"செடி வேர் பிடிக்கட்டும்,
மூணு வாரம் கழிச்சு வாங்க."

பெரம்பூர் பஸ்ஸில் என் மடியில்
ஈரப் பையோடு செடி மட்டும்.

இரவு, கண்ணாடியில்
கடுகளவு நத்தை ஒன்று ஏறுகிறது,
அட்வான்ஸ் தராமல்.