விதி ஏழு

பதினாறு சுழல் நாற்காலிக்கு
கயானி நகரசபையில் மூன்று கையெழுத்து.
"எதற்கு?" என்றார் சாவிக்காரர் ஓஸ்மோ.
"வானத்தில் சண்டை போட."
பின்லாந்துக்காரர்கள் மறுகேள்வி கேட்பதில்லை.
பனி ஹாக்கி அரங்கின் பின்புறம்
உடை மாற்றும் அறையைத் திறந்துவிட்டார்.
வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருபத்தேழு.
உள்ளே பழைய காலுறை வாசம்.

ஒரு மாதமாய் விதிகளோடு குடித்தனம்.
மூவாயிரம் மீட்டரில் தொடக்கம்.
எரிபொருள் பாதி, மேலே ஒரு சொட்டு கிடையாது.
எதிரெதிரே வந்து
இறக்கையும் இறக்கையும் கடக்கும்வரை
துப்பாக்கி வாய் திறக்கக் கூடாது.
நாலாவது விதிக்காக மூன்று இரவு அடித்துக்கொண்டார்கள்;
அது என்னவென்று இப்போது எனக்கே நினைவில்லை.
ஏழு: இணைப்பு அறுந்தால் தோல்வி.
காரணம் கேட்கப்பட மாட்டாது.
அதை எழுதிய கை என்னுடையது.

நாய்ச்சண்டை என்று இதற்குப் பெயர்.
நாய்கள் இத்தனை படிவம் நிரப்புவதில்லை.
வால் பிடித்தவர் வெல்வார் என்கிற வகையில்
என் அலுவலகத்துக்கும் இதற்கும்
பெரிய வித்தியாசமில்லை.

முகமூடி மாட்டியதும்
எல்லோருக்கும் வானம் வந்துவிடுகிறது,
என்னைத் தவிர.
நான் பார்த்ததெல்லாம்
ஓட்டுநர் பள்ளி ஆசிரியை துவோவி
முதுகுக்குப் பின்னால் வெறும் சுவரில்
யாரையோ தேடுவதை.
பல் மருத்துவர் ஒருவர்
கழுத்தை முறுக்கித் தன் தோளையே முறைப்பதை.
வாந்திக்கு ஒரு வாளி போதாதென்று
முதல் சுற்றிலேயே தெரிந்துவிட்டது.

காலிறுதி.
துவோவிக்கு எதிரே ஏரிக்கி,
மரம் ஏற்றும் லாரியில்
குசாமோவிலிருந்து வந்தவன்.
நான்கு சண்டை ஒரே நேரத்தில்.
எட்டு நாற்காலிகள் கிறீச்சிட்டன.
ஓஸ்மோ, நல்ல மனிதர்,
அப்போதுதான் காப்பி இயந்திரத்தைப் போட்டார்.

பட்டென்று ஒரு சத்தம்.
மூன்றாம் மேசை மட்டும் செத்தது.
கருப்பான முகமூடிக்குள்ளிருந்து,
நெம்புகோலை இன்னும் இழுத்தபடியே,
"மேகத்துக்குள் போய்விட்டேனா?" என்றான் ஏரிக்கி.

அவன் போனது கணினிக்குத் தெரியவில்லை.
கடைசியாய் எந்தத் திசையோ
அந்தத் திசையில்
அவன் விமானத்தை நேர்கோட்டில் ஓட்டிக்கொண்டிருந்தது.
துவோவி பின்னால். நூற்றைம்பது மீட்டர்.
சுடவில்லை.
பக்கத்தில் போனாள். நாற்காலியில் இடப்புறம் சாய்ந்து
கண்ணாடிக் கூண்டுக்குள் எட்டிப் பார்த்தாள்,
ஸ்டியரிங்கில் தூங்கிவிட்ட மாணவனைப் பார்ப்பதுபோல.
பிறகு மெல்லப் பின்வாங்கி
சுட்டாள்.
"பாவம்" என்றாள், சுட்ட பிறகு.

ஏரிக்கி முகமூடியைக் கழற்றி
என்னையே பார்த்தான்.
குற்றவாளிபோல் ஓஸ்மோ,
கையில் பாதி வடிந்த காப்பிக் குடுவை.

அப்போது கூரைக்கு மேலே கடந்தன
நிஜமான இரண்டு, கிழக்கே, எல்லைப் பக்கம்.
ஜன்னல் கண்ணாடி சட்டத்துக்குள் நடுங்கியது.
காதையும் கண்ணையும் மூடிய ஏழு பேர்
தங்கள் வானத்திலேயே இருந்தார்கள்.
நாங்கள் மூவர்தான் மேலே பார்த்தோம்.
பார்க்க ஒன்றுமில்லை. குழல்விளக்கு.
சத்தம் போன பிறகும்
குடுவைக்குள் காப்பி
வட்டம் வட்டமாய் அசைந்துகொண்டிருந்தது.

"விதி ஏழு" என்றேன்.
இன்னும் கொஞ்சம் மென்மையாகச் சொல்லியிருக்கலாம்.
தலையாட்டினான். காப்பி கேட்டான்.
இன்னும் தயாராகவில்லை.

கோப்பையைப் பல் மருத்துவர் கொண்டுபோனார்:
மேசை விசிறியின் இறக்கை,
பிர்ச் கட்டையில் ஆணியடித்தது.
துவோவி அரையிறுதியில் விழுந்தாள்;
யார் சுட்டதென்று கடைசிவரை தெரியவில்லை அவளுக்கு.

ஈரத்துணியால் முகமூடிகளைத் துடைக்கையில்
ஒவ்வொரு பஞ்சிலும் ஒரு நெற்றியின் பள்ளம்.
ஜன்னல் வழியே பார்த்தேன்:
லாரியில் ஏறும் முன் ஏரிக்கி
இடது தோளுக்கு மேலே ஒருமுறை,
வலது தோளுக்கு மேலே ஒருமுறை,
பிறகு நிமிர்ந்து நெடுநேரம்.
வண்டியைக் கிளப்பினான்.

நாற்காலிகளை எண்ணினேன்.
பதினைந்து.
மறுபடியும் எண்ணினேன்.