எட்டாம் நம்பர்

விலை இருபத்தோராயிரத்து ஐந்நூறு.
பாதி பெர்க்மான்ஸ்,
பாதி நான், சீட்டுப் பணத்தை ஒரு மாதம் ஏமாற்றி.
இரண்டு பேருக்கும் பாதம் எட்டு.
வேறெந்தப் பொருத்தமும் இல்லை.
அவன் முப்பந்தலில் காற்றாலைக் கோபுரம் ஏறுகிறவன்.
நான் ராணித்தோட்டம் பணிமனையில்
நடத்துநர்கள் கொட்டும் சில்லறையை எண்ணுகிறவன்.

ஒற்றைப்படை ஞாயிறு அவனுக்கு, இரட்டைப்படை எனக்கு.
முப்பத்தொன்றாம் தேதி ஞாயிறு வந்தால்
அடுத்த ஏழாம் தேதியும் அவனுக்கே போகும் என்பதை
காசு எண்ணுகிற நான்தான் கவனிக்கவில்லை.

அட்டைப்பெட்டி மூடியின் உள்பக்கம்
ஓடிய தூரத்தை எழுதுவோம்.
முந்நூற்றைம்பது தாண்டினால் நுரை செத்துப்போகும்
என்று விற்றவன் சொன்னான்.
பால் பாக்கெட்டைப் போல அதற்கும் ஒரு தேதி.

நடந்தால் மரக்கட்டை.
கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் என்றால்
முகம் கொடுத்துப் பேசாது.
நாலரைக்கு வா,
அடியில் ஏதோ விழித்துக்கொண்டு
கேட்காமலே முன்னே தள்ளும்.
உள்ளே கரண்டி போல் வளைந்த கார்பன் தகடு.
கட்டைவிரல் மடங்கிச் செய்த வேலையை
அது எடுத்துக்கொள்கிறது;
கூலியை மறுநாள் கெண்டைக்கால் கொடுக்கிறது.

மணக்குடிப் பாலத்தில் அதன் சத்தம் கேட்டு
ஆறு வருடமாக என்னை மதிக்காத நாய்கள்
எழுந்து துரத்தின.
மீன் வண்டி ஐஸ் தண்ணீர் சிந்திய இடத்தில் வழுக்கிற்று.
குருசடி வளைவில்
கணுக்கால் ஒரு நொடி யோசித்தது.
ஆனால் பதினெட்டாவது கிலோமீட்டரில்,
வழக்கமாகத் தொடை கல்லாகிற இடத்தில்,
தொடை தொடையாகவே இருந்தது.

மூன்று நிமிடம் பத்து நொடி குறைவு.
அன்று முதுகில் கச்சான் காற்று.
இதில் காற்றின் பங்கு எவ்வளவு,
தகட்டின் பங்கு எவ்வளவு,
நாலு மணிக்கு எழுந்தவன் பங்கு எவ்வளவு,
எந்தப் பணிமனையிலும் பிரித்துத் தர முடியாது.

நூற்றெண்பது தாண்டியபின்
இடது முழங்காலின் வெளிப்புறம் வலித்தது.
ஷூவைக் கவிழ்த்துப் பார்த்தேன்.
இடது குதியின் வெளி ஓரம் மட்டும்
ரப்பர் தீர்ந்து வெள்ளை நுரை தெரிந்தது.
நான் அப்படி மிதிக்கிறவன் இல்லை.
மேசையில் வைத்தால் தானே
ஒரு பக்கம் சாய்ந்து நின்றது,
டீக்கடையில் அவன் நிற்பதைப் போல.

எத்தனை நாளாக?
எண்பது மீட்டர் இரும்பேணியை
இந்தக் காலோடா ஏறி இறங்குகிறான்?
கம்பெனி டாக்டரிடம் என்ன சொல்லியிருப்பான்?
கேட்டேன்.
"நீ சில்லறையை எண்ணு மக்கா."

கன்னியாகுமரிப் போட்டி முப்பத்தொன்றாம் தேதி, ஞாயிறு.
அவன் நாள்.
விடிகாலை மூன்றரைக்கு பைக் வந்து நின்றது.
இறங்கவில்லை. பெட்டியை நீட்டினான்.
"எனக்குத் தூக்கம் வருது, நீ போட்டுட்டு ஓடு."
தூக்கம் வருகிறவன் நெஞ்சில்
போட்டி எண்ணை ஊக்கு குத்தி வந்திருந்தான்,
நான்கு மூலையிலும்.

ஓடினேன்.
ஒவ்வொரு இடது அடியும்
என்னைக் கொஞ்சம் அவன் பக்கம் சாய்த்தது.
தகடு தள்ளத்தான் செய்தது,
யார் கால் என்று தகட்டுக்குத் தெரியாது.
கடைசி மேட்டில் யாரை முந்தினேன்,
யார் என்னை முந்தினார்கள், எண்ணவில்லை.

மூடியில் எழுதினேன்:
அவனுக்குப் பத்துப் புள்ளி ஐந்து ஐந்து,
எனக்குப் பத்துப் புள்ளி ஐந்து ஐந்து.

மறுநாள் சாயங்காலம்
பெட்டி அவன் வீட்டிலிருந்து திரும்பி வந்தது.
என் கணக்குக்குக் கீழே அவன் கோணல் எழுத்து:
ஏழாம் தேதியும் நீயே போடு.
எட்டு, ஆசாரிப்பள்ளம், எக்ஸ்ரே.
பைக் நீ ஓட்டணும்.