பல்லிக்கு அவசரம்

பழைய ஆட்டத்தில்
நாங்கள் நாலு பேர் வலப்பக்கம் வரிசையாக நிற்போம்.
எதிரே தென்னை உயரத்துக்குப் பல்லி.
அது மூச்சு வாங்கும், வாலை ஆட்டும்,
அடிக்காது.
அட்டாக், மேஜிக், ஐட்டம், ரன்:
கீழே நீலக் கட்டத்தில் நாலு சொல்.
நான் ஒன்றைத் தொடும்வரை
அதற்கு நகர உத்தரவில்லை.

அந்த இடைவெளியில்
பிலோவுக்கு இடப்பக்கப் பால் முடித்து
வலப்பக்கம் மாற்றியிருக்கிறேன்.
உலை பொங்கி, ஓடிப்போய் இறக்கி,
ஐஸ் கம்பெனிக்காரன் வந்து பாக்கி கேட்டு,
சனிக்கிழமை என்று சொல்லி அனுப்பி,
திரும்ப வந்து உட்கார்ந்தால்
பல்லி அதே இடத்தில்
வாலை ஆட்டிக்கொண்டு.
இந்த மண்டபத்தில் அவ்வளவு மரியாதை
வேறு யாரும் எனக்குக் கொடுத்ததில்லை.

எமரிட்டுக்கு அது பிடிக்காது.
"இதென்ன சண்டை, ரேஷன் கடை க்யூ மாதிரி?
நீ ஒரு அடி, அவன் ஒரு அடி."
சொல்கிற ஆள்
திங்கள், புதன், சனி
டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகிறவர்.
மற்ற நாள் நாட்டுப்படகு முறை.
அன்றைக்கு விசைப்படகெல்லாம்
வடக்குத் துறையில் கயிற்றில் கிடந்து
ஒன்றையொன்று உரசிக்கொண்டிருக்கும்.
அப்போ அது என்ன, என்றேன்.
"அது மீனுக்குத் தெரியாதுல்ல" என்றார்.

புதுசு வந்தது, ஐந்தாம் பாகம்.
கத்தாரிலிருந்து ரீகன் கொடுத்துவிட்டான்,
சோப்புக்கும் தைலத்துக்கும் நடுவே வைத்து.
அதே வீரன், அதே முடி.
அதே பல்லி, செதிலில் இப்போது ஈரம் தெரிகிறது.
நீலக் கட்டம் எங்கே என்று தேடும்போதே
விழுந்தது முதல் அடி.
உருளு, தடு, வெட்டு, உருளு.
பையில் தொண்ணூற்றொன்பது மருந்து இருக்கிறது,
எடுத்துக் குடிக்க நேரமில்லை.
கட்டைவிரல் இரண்டு, பொத்தான் எட்டு,
மடியில் ஒரு பிள்ளை.
முப்பத்தொரு தடவை செத்தேன்.
எண்ணினேன், வேறென்ன செய்ய.

செவ்வாய்க்கிழமை அவர் எடுத்து ஆடினார்.
பார்க்கப் பொறாமையாக இருந்தது.
பல்லி வாயைத் திறக்கும்போது
அவர் அங்கே இல்லை,
அதன் முதுகுப்பக்கம் நிற்கிறார்.
எங்கே படித்தது இது என்று கேட்க வாயெடுத்து
விட்டுவிட்டேன்.
இடது முழங்கைக்குக் கீழே
நாலு தையல் போட்ட கோடு.
ஒரு பிப்ரவரி இரவு,
லைட் அடித்துக்கொண்டு வந்த படகு,
பறந்து வந்த கல்.
அன்றைக்கு யாரும் அவரிடம்
கட்டம் போட்டுக் காட்டி
தாக்குகிறாயா ஓடுகிறாயா என்று கேட்கவில்லை.
வலையை வெட்டிவிட்டு ஓடி வந்தார்கள்.
வலைக்கடன் இன்னும் ஓடுகிறது.

ஜப்பானில் இதைச் செய்தவர்களுக்கு
என்ன அவசரமோ.
காத்திருக்கும் எதிரி சுத்தப் பொய் என்று
யாராவது சிரித்திருப்பார்கள்.
பொய்தான்.
அதற்குத்தானே காசு கொடுத்தது.

ராத்திரி இரண்டரை மணி.
கச்சான் காற்று தகரத்தைப் போட்டு அடிக்க,
பிலோ தோளில், நான் நின்றபடி ஆட,
ஒன்று பிடிபட்டது:
அடிக்கும் முன் பல்லி
பின்னங்காலை அரையடி இழுக்கிறது.
ஒரு சொடக்குப் போடும் நேரம்.
என் முறை என்று
அவ்வளவுதான் மிச்சம் வைத்திருக்கிறார்கள்.
அதற்குள் நுழைந்தேன், மூன்று வெட்டு.
நாலாவதற்குக் கை ஓங்க,
பிலோ என் முதுகு முழுக்கக் கக்கினாள்.

கழுவி, துணி மாற்றி, தட்டித் தூங்கவைத்து
வந்து பார்த்தால்
வீரன் குப்புறக் கிடக்கிறான்.
திரை கறுத்து, நடுவில் இரண்டு வரி:
தொடரவா?
போதுமா?
பக்கத்தில் சின்னதாக ஒரு வெள்ளைக் கை
விரல் நீட்டிச் சிமிட்டிக்கொண்டு.

அதற்கு மட்டும் அவசரமில்லை.
நாலரைக்கு எமரிட் தூக்குவாளியோடு போனார்,
சைக்கிள் சத்தம் ஐஸ் கம்பெனி வரை கேட்டது.
டோக்கன் ஆபீஸ் மைக்கில்
யாரோ யார் பெயரையோ தப்பாக வாசித்தார்கள்.
படகுகள் ஒவ்வொன்றாக உறுமிக் கிளம்பின.
வெயில் வந்து திரையில் விழுந்தபிறகும்
கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்
அந்தக் கை அங்கேயே இருந்தது,
முதல் வரியைக் காட்டிக்கொண்டு.