மைனஸ் நாலேகால்

சந்தூர் ரோட்டு எடைமேடையில் உட்கார்ந்திருப்பவள் நான்.
லாரி ஏறும், எண் எரியும்,
சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
பெங்களூரா மாங்காய், பதினோரு டன் எண்பது கிலோ.
யாரும் என்னிடம் தர்க்கம் பண்ணுவதில்லை.

தாட்சாயினியை ஏற்றிப் பார்க்க அப்படி ஒரு மேடை இல்லை.

பதிமூன்று முடிந்து நாலு மாசம்.
வாலிபாலில் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள் அவள்தான்.
இந்த வருஷத்தில் இது மூன்றாவது கண்ணாடி,
காதோரம் பிளாஸ்திரி சுற்றி ஓடுகிறது.
"லென்ஸ் போட்டுக்கறேம்மா" என்றாள்,
நான் குழம்பில் உப்புப் பார்க்கும் நேரம் பார்த்து.

ரவுண்டானா பக்கத்துக் கண்ணாடிக் கடையில்
கண் சோதிக்கும் பெண் ஜபீன், என்னைவிட இளையவள்.
எத்தனை வயசிலே போடலாம் என்றேன்.
"வயசு கணக்கில்லீங்க. கை கழுவுவாளா?
சோப்புப் போட்டு, துடைச்சு, தினமும்,
நீங்க சொல்லாம?"

அன்றிலிருந்து பதினைந்து நாள்
சொந்த மகளை வேவு பார்த்தேன்.
வெள்ளிக்கிழமை டிபன் டப்பா திங்கட்கிழமை திறந்தது,
தயிர்சாதத்துக்குப் பச்சை மீசை.
சைக்கிள் சாவி அரிசி டப்பாவுக்குள்.
சாக்ஸோடு தூக்கம்.
கை கழுவத்தான் செய்தாள்,
துடைத்தது யூனிஃபார்மில்.

இவளா?

கல் வைத்துப் பழுக்க வைக்கிற மண்டிகள் எனக்குத் தெரியும்.
தோல் மஞ்சள், உள்ளே பல் கூசும்.

இன்னொன்றும் குறுக்கே நின்றது.
என்னைப் பெண் பார்க்க வந்த அன்று
என் கண்ணாடியை அப்பா பீரோவில் வைத்துப் பூட்டினார்.
காபித் தட்டோடு போனேன்.
நாலு சட்டை தெரிந்தது, ஒன்றுக்கும் முகம் இல்லை.
நீலச் சட்டைக்கு முன்னால் மட்டும் வெட்கப்பட்டேன்.
அது மாப்பிள்ளையின் சித்தப்பா.

அதனால்தான் கேட்டேன், கொஞ்சம் சூடாகவே:
"முகத்துக்கா, பந்துக்கா?"
"ரெண்டுக்கும்தான்.
ரெண்டுக்கும் இருக்கக் கூடாதா?"
எடைமேடைக்காரிக்கு எண் எரியவில்லை.

காலையில் போட்டு மாலையில் எறிகிற லென்ஸ்,
முதலில் பத்து நாளைக்கு.
நகத்தை அவளே வெட்டினாள்.
ஜபீன் எதிரில் முதல் லென்ஸுக்கு நாற்பது நிமிஷம்.
விரல் நுனியில் ஒரு பொட்டு ஈரம்,
அதைக் கண்டு இமை ஓட ஓட
மூக்கு வழியாகக் கண்ணீர் வந்தது.
நான் எழுந்தேன்.
"நீங்க உக்காருங்க" என்றாள் ஜபீன்.

குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டும் படக் கூடாதாம்.
தூசி விழுந்தால் தண்ணி அடி, தண்ணி அடி என்று
இத்தனை வருஷம் கத்திய வாயை
மூடிக்கொண்டேன்.

ஆறாம் நாள் பாலக்கோட்டில் மேட்ச்.
தோற்றுவிட்டார்கள்.
இரவு ஒன்பதரைக்குக் கண்ணாடியோடு வந்தாள்,
இடது கண் சிவந்திருந்தது.
நான் சோற்றைப் போட்டேன், எதுவும் கேட்கவில்லை.

"பஸ்ல தூங்கிட்டேம்மா. லென்ஸோட.
காவேரிப்பட்டணத்துலதான் முழிச்சேன்.
டீக்கடைல சோப்பு கேட்டு வாங்கிக் கழுவி,
கை நல்லாக் காஞ்ச பிறகு கழட்டிட்டேன்.
நாளைக்குப் போட மாட்டேன்.
ஜபீனக்காகிட்ட சொல்லணும்,
நீ பேசுறியா, நான் பேசட்டுமா?"

சொல்லியிருக்கவே வேண்டாம்.
தூசி என்றிருந்தால் நம்பியிருப்பேன்.
கிரானைட் லாரி போகிற ஊரில்
தூசிக்கா பஞ்சம்?

"நீயே பேசு" என்றேன்.

சாப்பிட்ட கையைக் கழுவினாள்.
துண்டில் துடைத்தாள், என்னைப் பார்க்காமலே.
போனோடு வாசலுக்குப் போனவள்
தெருவிளக்கின் கீழே நின்று
சிவந்த கண்ணைத் தொடாமல்
நேரம் முதற்கொண்டு சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் பையை நகர்த்தினேன், உள்ளே ஏதோ உருண்டது.
டிபன் டப்பா.
வியாழக்கிழமையுடையதாக இருக்கும்.

திறக்காமல் அங்கேயே வைத்தேன்.